வெண்கல்லின் அழுக்கு: கராராவின் கைவிடப்பட்ட குவாரிகளும் அவற்றின் கனியங்களும்

கலை வரலாற்று நூல்களிற் கராரா என்னும் பெயர் வரும்பொழுதெல்லாம் வெண்மை என்னும் சொல்லும் அதனுடன் தவறாது வந்துவிடுகின்றது. உரோமாபுரியின் திராஜன் தூண், மைக்கலாஞ்சலோவின் சிலைகள் ஆகியன வட இத்தாலியின் இம்மலைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட சலவைக்கல்லாலேயே ஆக்கப்பட்டன. அக்கல்லின் தூய்மையைப் போற்றாத அழகியலாளர் அரிது. ஆனால் அதே மலைகளிற் கைவிடப்பட்டுக் கிடக்கும் குவாரி ஒன்றினுள் நுழையும் கனியவியலாளன் தேடுவது அத்தூய்மையை அன்று. கல்லில் எங்கே வெடிப்பு உண்டு, எங்கே பொந்து உண்டு, எங்கே கறை படிந்துள்ளது என்பவற்றையே அவன் நோக்குகின்றான். வணிகன் குறை எனத் தள்ளிய இடமே அவனுக்குக் கருவூலமாகின்றது.

இம்முரண்பாட்டின் அடிப்படை யாது என்பதையும், அதன் பின்னணியில் நிற்கும் உழைப்பு எத்தகையது என்பதையும் நோக்குவதே எமது கருத்தாகும். நாம் புவிச்சரிதவியலாளர் அல்லோம். இலக்கிய மாணவருக்குக் கல்லோடு என்ன வேலை என வினவுவோரும் இருப்பர். தூய்மை என்னும் சொல்லோடு எமக்கு நெடுங்காலப் பிணக்கு உண்டு. அச்சொல் எங்கெல்லாம் வழங்குகின்றதோ அங்கெல்லாம் சென்று பார்க்கும் உரிமையை நாமே எடுத்துக்கொள்கின்றோம்.

தஸ்கனியின் வடமேற்கு மூலையிற் கடலுக்கு மிக அண்மையில் எழுந்து நிற்கும் அப்புவான் அல்ப்சு மலைத்தொடரின் அடிவாரத்திலே கராரா நகர் அமைந்துள்ளது. கி.மு. 177இல் உரோமர் கடற்கரையில் நிறுவிய லூனா என்னும் குடியேற்றமே இக்கல்லுக்கு முதலிற் பெயர் கொடுத்தது. உரோமப் பேரரசின் வீழ்ச்சியோடு அகழ்வு ஓய்ந்தது. மத்திய காலத்திற் பீசா போன்ற வணிக நகரங்களின் எழுச்சியோடு மீண்டும் தொடங்கிற்று. இம்மலைகளின் பள்ளத்தாக்குகளில் இன்று காணப்படும் நூற்றுக்கணக்கான குவாரிகளுட் பெரும்பாலானவை செயலிழந்தவை. அவற்றின் படிவரிசையான வெட்டுமுகங்களும், கீழே சரிந்து கிடக்கும் கல்லுடைவுகளும் தொலைவிலிருந்து பார்ப்போருக்குப் பனி மூடிய சரிவுகள்போலத் தோற்றும்.

‘கைவிடப்பட்ட’ என்னும் அடைமொழியைச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும். கல் முடிந்துவிட்டதால் மூடப்பட்ட குவாரிகள் சிலவே. விலை வீழ்ந்தது, போர் வந்தது, பாதை அமைக்கும் செலவு கல்லின் விலையை விஞ்சியது, நல்ல கல்லைத் தொடர்ந்து சென்ற வெட்டு திடீரெனக் கறைபடிந்த கல்லிற் சென்று முட்டியது என்றவாறான காரணங்களே பெரிதும் தொழிற்பட்டன. 1876இற்கும் 1890இற்குமிடையில் மலையிலிருந்து கடற்கரைக்கு அமைக்கப்பட்ட சலவைக்கல் இருப்புப்பாதையும் 1964இல் மூடப்பட்டது. ஆகவே மலை தீர்ந்துவிடவில்லை, இலாபமே தீர்ந்தது.

இனிக் கல்லின் பிறப்பைப் பார்ப்போம். ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்னர், யுராசிக் காலத்தின் தொடக்கத்தில், இப்பகுதி ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தது. அக்கடலின் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் படிந்து இறுகிச் சுண்ணக்கல்லாயின. பின்னர் ஆபிரிக்க நிலத்திணிவும் ஐரோப்பிய நிலத்திணிவும் ஒன்றையொன்று நெருக்கியபோது அப்படைகள் ஆழத்துக்கு அமிழ்த்தப்பட்டு, ஏறத்தாழ 350 முதல் 450 பாகை செல்சியசு வெப்பநிலையிற் பேரழுத்தத்துக்கு உள்ளாயின. இது நிகழ்ந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வெப்பத்தில் கல் உருகவில்லை. திண்ம நிலையிலேயே கல்சைற்றின் நுண்மணிகள் மீளப் பளிங்காகி, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பருத்தன. ஓடுகளின் உருவம் அழிந்தது. சீனி போன்ற மணித்தன்மை தோன்றிற்று. சிற்பியின் உளி எத்திசையிற் செல்லினும் கல் இணங்கிக் கொடுப்பதற்கு இம்மணிக்கோப்பே காரணமாகும்.

ஆயினும் எந்தக் கடற்படிவும் கல்சியங் காபனேற்று மட்டுமாக இருப்பதில்லை. களிமண் உண்டு, சிலிக்கா உண்டு, அழுகிய உயிர்ப்பொருள் உண்டு, இரும்பும் கந்தகமும் உண்டு. இவை யாவும் உருமாற்றத்தின்போது எங்கோ போய்த்தானே ஆகவேண்டும்? உயிர்ப்பொருளின் காபன் காரீயமாகிக் கல்லுக்குச் சாம்பல் நிறத்தைக் கொடுத்தது. ‘பார்டில்யோ’ எனப்படும் நீலச்சாம்பற் கல் அவ்வாறு ஆனதே. இரும்பும் கந்தகமும் சேர்ந்து பொன்போல் ஒளிரும் பைரைற்று ஆயின. களிமண் மைக்கா போன்ற தகட்டுக் கனியங்களாக மாறிக் கல்லிற் பச்சை வரிகளை இட்டது. மாளிகைத் தரைகளில் நாம் வியந்து பார்க்கும் வரியோட்டம் முழுவதும் பண்டைக் கடலின் சேறேயாகும்.

இவ்விடத்தில் எமது நாட்டுக் கல்லை நினைவுகூர்தல் பயனுடைத்து. கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் சூளைகளுக்காக உடைக்கப்படும் சுண்ணக்கல்லும் உண்மையிற் சலவைக்கல்லே. ஆனால் அது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கராராக் கல் கண்டதினும் மிக உயர்ந்த வெப்பத்திற் சமைந்தது. அவ்வெப்பத்திற் சிலிக்காவும் டொலமைற்றும் ஒன்றோடொன்று தாக்கமுற்று போர்சுதரைற்று முதலிய புதிய கனியங்களைத் தோற்றுவித்தன. புளொகோபைற்று மைக்காவும் அப்பற்றைற்றும் இரத்தினக்கல் வியாபாரிகள் அறிந்த ஸ்பினலும் அக்கல்லில் உண்டு. கராராவில் வெப்பம் அவ்வளவுக்கு ஏறவில்லை. ஆதலின் அங்கே சிலிக்காவின் பெரும்பகுதி கல்சைற்றோடு சேராது தனித்து நின்றது. தனித்து நின்ற அச்சிலிக்காவின் பிற்காலக் கதையே எமது கட்டுரையின் மையப்பொருளாகும்.

மலை மீண்டும் மேலெழத் தொடங்கியபோது இறுகிய கல் இழுபட்டுப் பிளந்தது. பிளவுகள் பலவிடங்களில் வாய்திறந்து பொந்துகளாயின. கல்லிடையே ஊறிச்சென்ற வெந்நீர், வழியிலே கரைத்தெடுத்த சிலிக்காவை இப்பொந்துகளின் சுவர்களில் மிக மெதுவாகப் படியவிட்டது. அவ்வாறு வளர்ந்ததே கராராவின் குவாட்சுப் பளிங்கு. நிறமற்றதாய், உள்ளே குறையெதுவுமின்றி, நீர்த்துளி உறைந்தாற்போல நிற்கும் இப்பளிங்குகள் கனியவியலாளரிடையே தெளிவுக்குப் பேர்பெற்றவை. ‘கராரா வைரம்’ என்று மக்கள் அழைப்பதும் இதனையே. இரசாயனப்படி வைரத்துக்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை என்பது கூறாமலே விளங்கும்.

குவாட்சோடு கல்சைற்று, டொலமைற்று, புளோரைற்று, ஜிப்சம் ஆகியனவும் அப்பொந்துகளில் உள்ளன. வெண்சுவரில் எலுமிச்சை மஞ்சளாய் ஒளிரும் தனிக் கந்தகப் பளிங்குகளும் உண்டு. இவற்றினும் வியப்புக்குரியன சல்பைட்டுக் கனியங்கள். நாகத்தின் சல்பைட்டாகிய ஸ்பலரைற்று, செம்பும் வனேடியமும் சேர்ந்த சல்வனைற்று, செம்பு, வனேடியம், ஆசனிக்கு முதலியன கலந்த கொலுசைற்று என்பன மிகச் சிறிய, ஆனால் முகங்கள் துல்லியமாக அமைந்த பளிங்குகளாக இங்கே கிடைக்கின்றன. சுரங்கம் வைத்து எடுக்கும் அளவுக்கு இவ்வுலோகங்கள் இங்கில்லை. கடற்சேற்றில் அணுவணுவாகச் சிதறிக்கிடந்தவற்றை வெந்நீர் திரட்டிக் கொணர்ந்து ஓரிடத்தில் வைத்தது என்றே கொள்ளல் வேண்டும்.

2001ஆம் ஆண்டிற் கராராவின் குவாரிகளிலிருந்து இரு புதிய கனியங்கள் விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டன. ஒன்று கராராயிற்று. அது கல்சியத்தோடு சல்பேற்று, காபனேற்று, நீர் ஆகியவற்றைக் கொண்டதாய், சிலிக்கன் இருக்கவேண்டிய இடத்திற் சேர்மானியம் என்னும் அரிய மூலகத்தை ஏந்தி நிற்கின்றது. மெந்தலீவ் 1871இல் எதிர்வுகூறி, 1886இற் சேர்மனியிற் கண்டுபிடிக்கப்பட்ட மூலகம் இது. குறைகடத்திக் கைத்தொழிலாற் பெயர்பெற்றது. தூய சுண்ணக்கல் எனப் பெயரெடுத்த மலையில் அது தனக்கென ஒரு கனியத்தையே அமைத்துக்கொண்டு இருந்தது என்றால், தூய்மை பற்றிய எமது அளவுகோல்கள் எவ்வளவு பருமட்டானவை என்பது புலனாகும். மற்றையது சக்கான்யாயிற்று. நாகமும் அலுமினியமும் கொண்ட இவ்வெண்ணிறக் கனியம், ஸ்பலரைற்று சிதைவுற்றபோது விளைந்தது எனக் கருதப்படுகின்றது. அப்புவான் மலைகளை ஆராய்ந்து படம் வரைந்த கராராப் புவிச்சரிதவியலாளர் தொமேனிக்கோ சக்கான்யா (1851–1940) அவர்களின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது. ஊருக்கு ஒரு பெயர், அறிஞருக்கு ஒரு பெயர். இதில் தவறேதும் இல்லை. ஆனால் அப்பொந்துகளை முதலில் திறந்த கை எவருடையது என்னும் வினா எஞ்சுகின்றது.

கராராவின் கல்லுடைக்குந் தொழிலாளி கல்லை எழுத்தறிந்தவன் நூலைப் படிப்பதுபோலப் படித்தான். கல் எளிதாகப் பிளக்குந் திசைக்கு ‘வெர்சோ’ என்றும், அதற்குக் குறுக்காகப் பிளக்க அரிதான திசைக்குக் ‘கொந்த்ரோ’ என்றும், இடைப்பட்டதற்குச் ‘செக்கொந்தோ’ என்றும் அவன் பெயரிட்டிருந்தான். மெல்லிய வெடிப்பு அவன் மொழியில் ‘பேலோ’, அதாவது மயிர். கண்ணுக்குப் புலப்படாது மறைந்திருந்து கல்லைச் சரியச் செய்யும் வெடிப்பு ‘பேலோ பூர்போ’, வஞ்சக மயிர். இச்சொற்கள் அகராதிக்காக ஆக்கப்பட்டவை அல்ல. வெடிப்பைப் பிழையாகப் படித்தவன் மாலையில் வீடு திரும்பமாட்டான். செங்குத்துச் சுவரிற் கயிற்றில் தொங்கியவாறு தளர்ந்த கற்களை நெம்பித் தள்ளும் ‘தெக்கியாயோலோ’வின் வாழ்வு முழுவதும் இவ்வாசிப்பிலேயே தங்கியிருந்தது. கனியவியலாளன் இன்று பளிங்கைத் தேடிச் செல்லும் வெடிப்பும், தொழிலாளி அஞ்சி நோக்கிய வெடிப்பும் ஒன்றே என்பது மனங்கொளத்தக்கது.

அகழ்ந்த பாளத்தைக் கீழே இறக்கும் முறை ‘லிச்சத்தூரா’ எனப்பட்டது. இருபது தொன்னுக்கு மேற்பட்ட பாளங்கள் மரச் சறுக்கில் ஏற்றப்பட்டு, பின்புறம் வடங்களாற் பிணிக்கப்பட்டு, சவர்க்காரம் பூசிய மரக்கட்டைகளின்மீது சரிவிலே இறக்கப்பட்டன. பாளம் கடந்துவிட்ட கட்டையைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் இடல் வேண்டும். ‘கப்போலிச்சா’ என்னும் தலைவன் பாளத்தின் முன்னே நின்றே வடத்தைத் தளர்த்துவோருக்குச் சைகை காட்டுவான். வடம் அறுந்தால் முதலிற் சாவது அவனே. வெடி வைப்பதற்கு முன்னரும் விபத்து நேர்ந்தபோதும் ஊதப்பட்ட கொம்பின் பெயர் ‘புச்சினா’. 1846இல் வெளிவந்த டிக்கின்சின் இத்தாலியப் பயண நூலிலும் இக்கொம்பொலி கேட்கின்றது. 1911 யூலையிற் பெத்தோல்யிக் குவாரியிற் பாறை சரிந்து பத்துத் தொழிலாளர் மாண்டனர். அத்தகைய நாள்களில் அவ்வொலி கேட்டதும் பள்ளத்தாக்கின் எல்லாக் குவாரிகளிலும் வேலை நின்றது. எவர் வீட்டு மனிதன் என்பது தெரியும்வரை கீழே பெண்கள் வாயிலிற் காத்து நின்றனர்.

இத்தகைய மண்ணில் 1894 சனவரியில் எழுந்த கிளர்ச்சியில் வியப்பேதும் இல்லை. கிரிஸ்பியின் அரசாங்கம் முற்றுகை நிலையைப் பிரகடனஞ் செய்து, இராணுவ நீதிமன்றங்கள் மூலம் தொழிலாளரை நீண்ட சிறைத்தண்டனைகளுக்கு உள்ளாக்கிற்று. 1895இற் பொதுமன்னிப்பு அளிக்க நேர்ந்தது. 1919இல் அல்பேர்தோ மெஸ்கியின் தலைமையிற் கல்லுடைக்குந் தொழிலாளர் நாளொன்றுக்கு ஆறரை மணித்தியால வேலை என்னும் உரிமையை வென்றனர். மெஸ்கி அராஜகவாதத் தொழிற்சங்கவாதி. அவரது கோட்பாட்டுடன் எமக்கு உடன்பாடில்லை. எனினும் எமது கோட்பாட்டை ஏற்றோர் பலர் அக்காலத்தில் எட்டு மணித்தியாலத்தோடு நின்றுவிட்டனர் என்பதையும் மறைத்தல் தகாது.

இனித் தூய்மைக்கு மீள்வோம். தாந்தேயின் நரகக் காண்டத்தின் இருபதாம் பாடலில் அரூன்சு என்னும் குறிசொல்வோன் வருகின்றான். லூனாவின் மலைகளில் வெண்கற் குகையொன்றில் வாழ்ந்து விண்மீன்களையும் கடலையும் தடையின்றிப் பார்த்தவன் அவன். அவனுக்குக் கீழே கராராக் குடியானவன் நிலத்தைக் கொத்திக்கொண்டிருக்கின்றான். வெண்கல்லின் உள்ளே காட்சி, கீழே உழைப்பு என்னும் இப்படிநிலை அன்றே அமைந்துவிட்டது. மைக்கலாஞ்சலோவின் காலத்தில் அது ஒரு கலைக்கொள்கையாகவே மாறிற்று. உருவம் முழுமையாகக் கல்லினுள்ளே ஏற்கனவே உறைகின்றது, சிற்பி மிகையை நீக்குகின்றான் என்னும் கருத்தை அவரோடு சேர்த்தே எண்ணுகின்றோம். அழகிய கருத்துத்தான். ஆனால் சிற்பிக்கு முன்னரே மிகையை நீக்கியவர், மலையிலிருந்து பாளத்தைப் பிரித்தவர், அக்கருத்தில் இடம்பெறவில்லை. 1505இற் போப்பாண்டவரின் கல்லறைக்கான கல்லைத் தெரிவதற்கு எட்டு மாதங்கள் கராராவிலேயே தங்கியிருந்த மைக்கலாஞ்சலோ இதனை அறியாதவர் அல்லர். அவரை வழிபட்டோரே மறந்தனர்.

அவரது ‘தாவீது’ இதற்குச் சிறந்த சான்றாகும். அப்பாளம் பந்திஸ்கிரித்திப் பள்ளத்தாக்கில் அகழப்பட்டது. 1464இல் அகொஸ்தினோ தி துச்சியோவும், பின்னர் அந்தோனியோ ரொசெல்லினோவும் அதனிற் கைவைத்து விட்டுவிட்டனர். அதன்பின் ஏறத்தாழ கால் நூற்றாண்டு புளோரன்சில் மழையிலும் வெயிலிலும் அது கேட்பாரற்றுக் கிடந்தது. 1501இல் மைக்கலாஞ்சலோ ஏற்றது அத்தகைய தள்ளுண்ட பாளத்தையே. அண்மைக்கால ஆய்வுகள் அதன் கல் நடுத்தரமானதே என்றும், ‘தரோலி’ எனப்படும் நுண்துளைகள் நிறைந்தது என்றும், அதனால் விரைவிற் சிதைவுறும் இயல்பினது என்றும் காட்டியுள்ளன. மேற்கத்தியக் கலையின் தூய்மைக்கு உச்சமான எடுத்துக்காட்டு என்று பாடநூல்கள் கொண்டாடும் உருவம், குறையுள்ள கல்லாலானது.

இதனைப் படிக்கும்போது எமது இலக்கிய உலகின் நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வருகின்றது. 1960களில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிற் கையாண்டபோது, மரபைக் காக்க முன்வந்த பண்டிதர் சிலர் அதனை இழிசனர் வழக்கு என்றனர். வழக்கிலிருந்து நீக்கவேண்டிய கறை என்றே அவர்கள் அதனைக் கண்டனர். கல்லை வகைப்படுத்துவோன் பாளத்தின் மீது இடும் குறியும் அவர்கள் இட்ட குறியும் ஓரினத்தவை. எதை நீக்குவது என்பதை முடிவுசெய்வது கல்லோ மொழியோ அன்று. விற்பனையையும் அதிகாரத்தையும் கையில் வைத்திருப்போரே முடிவு செய்கின்றனர்.

இன்றைய நிலை இன்னும் தெளிவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை வெடிமருந்தே பாறையைப் பிளந்தது. பெரும்பகுதி சிதறி வீணாயிற்று. பின்னர் மணலும் நீரும் சேர்த்து ஓடும் முறுக்குக் கம்பி வந்தது. 1970களின் இறுதியிலிருந்து வைர மணிகள் கோத்த கம்பி கல்லை வெண்ணெய் போல் அறுக்கின்றது. பொந்து ஒன்று குறுக்கிட்டாலும் கம்பி நிற்பதில்லை. பளிங்கையும் சேர்த்தே அறுத்துச் செல்கின்றது. பலகையில் தோன்றும் துளைகளைப் பிசின் கொண்டு அடைத்து மெருகிடுவது தொழிற்சாலை வழக்கமாகிவிட்டது. அதனினும் முக்கியமானது பின்வருவது. முன்னர் சரிவுகளில் எறியப்பட்ட கல்லுடைவுகள் இன்று கல்சியங் காபனேற்றுத் தூளுக்காக லொறிகளில் ஏற்றிச் செல்லப்படுகின்றன. மலையிலிருந்து இறங்குவதிற் சிற்பத்துக்கும் கட்டடத்துக்கும் செல்லும் பாளங்கள் சிறுபகுதியே. எஞ்சியது கடதாசி, வர்ணம், பற்பசை ஆகியவற்றின் நிரப்பியாகின்றது. நுண்கல்தூள் கலந்த சேறு நீரூற்றுகளையும் ஆறுகளையும் வெளுக்கச் செய்கின்றது. இவ்வாறு கல் அரைக்கப்படும்போது வெண்மை மட்டுமே தேவைப்படுகின்றது. பொந்தின் வரலாறு, பளிங்கின் முகம், தொழிலாளி பெயரிட்ட திசை எதற்கும் அங்கு இடமில்லை.

ஆகவேதான் கைவிடப்பட்ட குவாரிகள் கவனத்துக்குரியன. அவற்றில் வெட்டுமுகங்கள் நின்ற நிலையிலேயே நிற்கின்றன. பழைய ஆப்புத் தழும்புகளும் வெடிமருந்துத் துளைகளும் கம்பியின் மழுமழுப்பான தடமும் ஒரே சுவரில் அடுத்தடுத்துத் தெரியும். கழிவுச் சரிவின் கற்களை உடைத்துப் பார்ப்போருக்குத் துருப்பிடித்த கறையே வழிகாட்டி. பைரைற்று மழைநீரிற் சிதைந்த இடம் அது. அதன் அருகே பொந்து இருத்தல் கூடும். பளிங்கு சேகரிப்போரிற் பலர் அவ்வூர்த் தொழிலாளரும் அவர்தம் பிள்ளைகளுமே. உணவு வேளையிற் கண்டெடுத்துச் சட்டைப்பையிற் கொண்டுவந்த பளிங்கு வீட்டு யன்னலில் வைக்கப்பட்டிருந்து, பின்னர் பல்கலைக்கழக ஆய்வாளரின் கைக்குச் செல்வது இத்தகைய ஊர்களில் வழமை. அருங்காட்சியகத்தின் அட்டையிற் கனியத்தின் பெயர், சூத்திரம், குவாரியின் பெயர் ஆகியன எழுதப்பட்டிருக்கும்.

சக்கான்யாயிற்று கிடைத்த குவாரி பந்திஸ்கிரித்திப் பள்ளத்தாக்கிலே உள்ளது. அப்பெயரின் வரலாறு சுவையானது. உரோமர் காலக் குவாரியின் சுவரிலே யூப்பிதர், ஏர்க்குலிசு, பாக்கசு என்னும் மூன்று தெய்வங்களின் சிறு புடைப்புருவம் செதுக்கப்பட்டிருந்தது. பிற்காலத் தொழிலாளருக்கு அவர்கள் தெய்வங்களாகத் தெரியவில்லை. கல்லில் எழுதிய மூன்று பையன்களாகவே தெரிந்தனர். ‘பந்தி’ என்றால் பையன்கள். ‘ஸ்கிரித்தி’ என்றால் எழுதப்பட்டோர். அதன் அருகே கராராவுக்கு வந்துபோன புகழ்பெற்ற சிற்பிகள் தங்கள் பெயர்களைப் பொறித்துச் சென்றனர். 1863இல் அப்பாறைத் துண்டு முழுவதும் வெட்டி எடுக்கப்பட்டு நகரின் நுண்கலைக் கழகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தெய்வங்களும் சிற்பிகளின் கையொப்பங்களும் இப்போது அங்கேதான் உள்ளன. பள்ளத்தாக்கைத் தேசப்படத்தில் தேடுவோர் இன்றும் தொழிலாளர் வைத்த பெயரைக் கொண்டே அதனைக் கண்டுகொள்கின்றனர்.